விலை கூடிய கத்தியில் ஏன் துரு?

சிங்கப்பூரின் பொங்கோல் படகுத்துறையில் தூண்டில் போடும் வாசகர் ஒருவரிடம் இரண்டு மடக்குக்கத்திகள் இருக்கின்றன. ஒன்று, 2017இல் மூடப்பட்ட சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் 12 வெள்ளிக்கு வாங்கியது. இன்றுவரை துருவே பிடித்ததில்லை. ஆனால் நான்கு கணவாயை நறுக்குவதற்குள் மழுங்கிவிடுமாம். சலித்துப்போய் இணையத்தில் 120 வெள்ளிக்கு இன்னொன்று வரவழைத்தார். அலகில் 'டி2' என்று எஃகு வகையின் பெயரைப் பொறித்திருக்கிறது. அபாரமாக வெட்டுகிறது, ஒரே மாதத்தில் பழுப்புப் புள்ளிகளும் வந்துவிட்டன. பத்து மடங்கு காசு கொடுத்து ஏமாந்துவிட்டேனா என்று கேட்கிறார்.

கூடவே படமும் அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளிகள் அலகு முழுக்கப் பரவவில்லை. பொறித்த எழுத்துகளின் பள்ளத்திலும், அலகு சுழலும் ஆணியைச் சுற்றியும்தான் கூட்டமாக இருக்கின்றன. அந்த 'டி' எழுத்தின் வயிற்றுக்குள் மட்டும் மூன்று. இதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

வாசகர் ஏமாறவில்லை. அவருடைய இரண்டு கத்திகளும் ஒரே சண்டையின் இரண்டு முடிவுகள். எஃகுக்குள் இருக்கும் கரிமத்துக்காக இரும்பும் குரோமியமும் போடும் சண்டை அது.

பள்ளியில் படித்ததை வேகமாகக் கடந்துவிடுவோம். இரும்போடு கொஞ்சம் கரிமம் சேர்ந்தால் எஃகு. அதைச் சிவக்கக் காய்ச்சினால் இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, நடுவே கரிமத்துக்கு நிறைய இடம் கிடைக்கும். சட்டென்று குளிர்வித்தால் அடுக்கு பழையபடி மாறப் பார்க்கும். ஆனால் கரிமம் வெளியேற நேரம் இருக்காது. உள்ளே மாட்டிக்கொண்டு அடுக்கை இழுத்துப் பிடித்து நிற்கும். இந்த இறுக்கமான நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். கத்தியின் கடினம் இங்கிருந்துதான் வருகிறது. அப்புறம் மிதமாகச் சூடாக்கிக் கொஞ்சம் தளர்த்துவார்கள், இல்லாவிட்டால் கண்ணாடிபோல் உடைந்துவிடும்.

துருப்பிடிக்காமல் இருப்பது குரோமியத்தின் வேலை. இரும்பில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கரைந்திருந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு படலம் உண்டாகும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்து, அதில் சில பங்கை எடுத்துக்கொண்டால் அதன் கனம். கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். வீட்டு எவர்சில்வர் டம்ளரில் பொதுவாக 18 விழுக்காடு குரோமியம் இருக்கிறது. கரிமமோ 0.08 விழுக்காட்டைத் தாண்டாது. அதனால்தான் பாட்டி காலத்து டம்ளர் இன்னும் பளபளக்கிறது. அதைத் தட்டிக் கத்தி செய்தால் வாழைப்பழம் நறுக்கலாம்.

சரி, டி2 எஃகில் குரோமியம் எவ்வளவு? ஏறக்குறைய 12 விழுக்காடு. பத்தரையைத் தாண்டிவிட்டதே, பிறகு ஏன் துரு?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மேலே 'கரைந்திருந்தால்' என்று எழுதினேன், அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கரிமத்தின்மேல் இரும்புக்கு உள்ள ஈர்ப்பைவிடக் குரோமியத்துக்கு உள்ள ஈர்ப்பு அதிகம். உருகிய எஃகு ஆறும்போது குரோமியம் கரிமத்தைப் பிடித்துக்கொண்டு கார்பைடு என்னும் மிகக் கடினமான துகளாகிவிடும். டி2இல் உண்டாகும் வகையில் 3 கரிம அணுக்களுக்கு 7 உலோக அணுக்கள். அந்த ஏழும் குரோமியமே என்று வைத்துக்கொண்டு எடைக்கணக்குப் போட்டுப் பாருங்கள். கரிம அணுவின் எடை 12, குரோமியத்துக்கு 52. ஆக 36 பங்கு கரிமம் 364 பங்கு குரோமியத்தை இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிராமுக்குப் பத்து கிராம்!

டி2இல் கரிமம் ஒன்றரை விழுக்காடு. கத்திக்கு இது மிக அதிகம். கடினப்படுத்திய பிறகும் இதில் பாதிக்குமேல் கார்பைடாகவே இருக்கும். நல்லவேளையாக அந்த ஏழு இடங்களில் சிலவற்றை இரும்பும் எடுத்துக்கொள்கிறது, இல்லாவிட்டால் குரோமியம் கிட்டத்தட்டக் காலியாகியிருக்கும். அப்படியும் இரும்பில் கரைந்து, படலம் கட்டத் தயாராக நிற்கும் குரோமியம் மொத்தத்தில் ஏறக்குறைய பாதிதான். அது பத்தரைக்குப் பக்கத்தில்கூட வராது. விற்பனைத் தாளில் 12 என்று போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் துருவைத் தடுக்கும் வேலைக்கு அந்தப் பன்னிரண்டும் வருவதில்லை.

12 வெள்ளிக் கத்தி இதற்கு நேர்மாறு. அந்த விலையில் பெரும்பாலும் 420 வகை எஃகுதான் இருக்கும். குரோமியம் 13 விழுக்காடு, கரிமமோ மிகக் குறைவு. குரோமியத்தைப் பிடித்து வைக்க ஆளில்லாததால் எல்லாம் படலத்துக்குக் கிடைக்கிறது. மார்ட்டென்சைட்டை இறுக்கத்தான் போதிய கரிமம் இல்லை. துருப்பிடிக்காத, வெட்டாத கத்தி.

இந்த ஏமாற்றம் புதிதும் அல்ல. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழல் தேயாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் 12.8 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கரிமமும் கலந்து வார்த்த எஃகு, அமிலத்துக்கு மசியவில்லை. சாப்பாட்டு மேசைக் கத்திக்கு ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. உள்ளூர்க் கத்திக்கொல்லர்கள் செய்து பார்த்துவிட்டு, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தார்கள். குறை எஃகில் இல்லை, உலையில் இருந்தது. பழைய கரிம எஃகை 800 டிகிரி செல்சியஸ் அளவில் காய்ச்சிக் குளிர்வித்தால் போதும். குரோமிய எஃகுக்கு 1,000 டிகிரியைத் தாண்டியாக வேண்டும். அப்போதுதான் கார்பைடுகள் கரைந்து, பிடித்து வைத்திருந்த கரிமத்தையும் குரோமியத்தையும் இரும்புக்குள் விடும். 800இல் நிறுத்தினால் கரிமம் கார்பைடுக்குள்ளேயே அடைந்து கிடக்கும், கத்தி வெட்டாது. எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழிற்சாலை மேலாளர் பொறுமையாக முயன்று பதம் கண்டுபிடித்த பிறகுதான் அந்த எஃகு உலகம் சுற்றியது.

இன்றைக்கும் இதே கதைதான். சூடு குறைந்தால் கத்தி மென்மை. எல்லை மீறினால் அளவுக்கு மிஞ்சிய கரிமம் கரைந்து, குளிர்வித்த பிறகும் ஒரு பகுதி மார்ட்டென்சைட்டாக மாறாமலே நின்றுவிடும். அதுவும் மென்மைதான். ஒரே எழுத்து பொறித்த இரண்டு கத்திகளில் ஒன்று அருமையாகவும் மற்றது சுமாராகவும் இருப்பதற்கு இதுதான் முதல் காரணம். எஃகின் பெயரை அலகில் பொறிக்கிறார்கள். அதைக் காய்ச்சியவர் கடிகாரத்தைப் பார்த்தாரா என்பதை எங்கும் பொறிப்பதில்லை.

டி2க்கு இன்னொரு குணமும் உண்டு. வார்ப்பு ஆறும்போது உண்டாகும் கார்பைடுகள் பெரியவை, பல பத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை போகும். நன்றாகத் தீட்டிய கத்தியின் விளிம்போ ஒரு மைக்ரானுக்கும் மெல்லியது. கடலை மிட்டாயை மெல்லிய சீவலாக வெட்ட முயன்றால் என்ன ஆகும்? கடலை பெயர்ந்து வரும், சீவலின் ஓரம் பல்லுப்பல்லாக நிற்கும். டி2 விளிம்பிலும் அதேதான். கயிறு அறுக்க அந்தப் பற்கள் வசதி, சவரம் செய்ய நினைக்காதீர்கள்.

இதற்கு மாற்றாக வந்தது தூள் எஃகு. உருகிய எஃகை வாயுவால் பீய்ச்சித் தூளாக்கினால் ஒவ்வொரு துளியும் நொடியில் உறைந்துவிடும், கார்பைடு வளர நேரம் கிடைக்காது. அந்தத் தூளை வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒன்றாக்குவார்கள். இப்படிச் செய்யும் எஸ்30வி எஃகில் கரிமம் 1.45 விழுக்காடு, அதாவது டி2 அளவுக்கே. ஆனாலும் எளிதில் துருப்பிடிக்காது. காரணம், அதில் வனேடியம் என்ற உலோகமும் 4 விழுக்காடு இருக்கிறது. கரிமத்தைப் பிடிப்பதில் வனேடியம் குரோமியத்துக்கும் முந்திக்கொள்ளும். கரிமத்தின் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்வதால் குரோமியம் தப்பித்துப் படலம் கட்டப் போகிறது. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களுக்கு ஒரு தேநீராவது வாங்கித் தர வேண்டும்.

ஆனால் இதிலும் ஏமாற்றம் உண்டு. வனேடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லின் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினம். 250 வெள்ளிக்குக் கத்தி வாங்கியவர் அது மழுங்கியதும் வீட்டுக் கல்லில் தேய்ப்பார், தேய்ப்பார், கல்தான் தேயும். வைரத்தூள் பூசிய தகடு வேண்டும். அதைக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

'டமாஸ்கஸ்' என்று அலை அலையாகக் கோலம் போட்டு வரும் கத்திகளைப் பற்றியும் கேட்பார்கள். மலிவான பலவற்றில் அது லேசரில் தீட்டிய படம், வெட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழந்தமிழர் எஃகு துருவே பிடிக்காது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையையும் நம்ப வேண்டாம். பழங்காலத்தில் எஃகு செய்த தமிழக ஊரான கொடுமணலின் உலைகளில் வேலை செய்தவர்கள் பெரிய கைகாரர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுடைய எஃகில் குரோமியம் கலக்கவில்லை. பொங்கோலுக்குக் கொண்டுவந்தால் வாரக்கணக்கில்கூடத் தாங்காது. முன்னோரைப் புகழ வேதியியலை வளைக்க வேண்டியதில்லை. இதோடு, கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும், ஒரு காசு வாங்கிக்கொள் என்பவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கத்தியைக் கையில் கொடுக்காதே, கீழே வை என்று அம்மா சொல்வது மட்டும் வேறு. அது விரலைக் காப்பாற்றும்.

மழுங்குவதிலேயே இன்னும் தெரியாதவை நிறைய இருந்தன. எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையான முடி எப்படிச் சவர அலகை மழுக்குகிறது? அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியின் அடியில் அலகால் முடியை வெட்டிப் பார்த்து, 2020இல் 'சயன்ஸ்' இதழில் விடை சொன்னார்கள். விளிம்பு மெதுவாகத் தேய்ந்து உருள்வதல்ல முக்கியக் காரணம். முடி வளைந்து சாய்வாக மோதும்போது, எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடத்தில் சில்லு பெயர்கிறது. முடி வெட்டுவதற்கு ஆய்வுக்காசா என்று சிரிப்பவர்கள் உண்டு. சிங்கப்பூர் 2021 முதல் 2025 வரையிலான ஆய்வு, புத்தாக்கத் திட்டத்துக்கு 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கியது. அதில் இப்படிப்பட்ட சாதாரணக் கேள்விகளுக்கும் ஒரு சிறு பங்கு போக வேண்டும் என்பது என் ஆசை. கடல் சூழ்ந்த தீவுக்குத் துருவைவிட அவசரமான பொருளறிவியல் வேறென்ன?

இனி அந்தப் புள்ளிகள். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்குமேல். கடல்நீரிலும் கை வியர்வையிலும் குளோரைடு இருக்கிறது, அது படலத்தைத் துளைக்கும். பள்ளத்திலும் இடுக்கிலும் நீர் தங்கினால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோகும், ஓட்டையைப் படலம் மூட முடியாது. கரைந்த உலோகம் அந்தத் துளி நீரை அமிலமாக்கும், அமிலம் இன்னும் உலோகத்தைக் கரைக்கும். எழுத்துக்குள்ளும் ஆணியைச் சுற்றியும் புள்ளிகள் கூடுவது இதனால்தான். வீடு திரும்பியதும் குழாய்நீரில் கழுவி, மடக்காமல் காயவைத்து, ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் டி2 பல ஆண்டு உழைக்கும்.

அவ்வளவு பொறுமை இல்லையென்றால் விக்டோரினாக்ஸ் சுவிஸ் கத்தி இருக்கிறது. கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56தான், கத்திப் பித்தர்கள் முகம் சுளிப்பார்கள். நம் ஊர் காற்றுக்கு அதுவே நியாயமான சமரசம் என்பது என் கட்சி. எதுவானாலும் தூண்டில் பெட்டியோடு மட்டும் எடுத்துப் போங்கள். தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருந்தால் இங்கே சட்டச் சிக்கல் வரும்.

உப்புநீருக்கென்றே வேறொரு வழியும் இருக்கிறது. கரிமத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு நைட்ரஜனைப் போடுவது. அதுவும் இரும்பு அடுக்கை இழுத்து இறுக்கும், ஆனால் குரோமியத்தை அவ்வளவு சுலபமாகப் பிடித்து வைக்காது. குரோனிடூர் 30 என்ற எஃகில் கரிமம் 0.3, நைட்ரஜன் 0.4, குரோமியம் 15 விழுக்காடு. நைட்ரஜன் குமிழாக ஓடிவிடாமல் இருக்க அழுத்தத்தில் உருக்குகிறார்கள். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் எஞ்சின் பேரிங்குகளில் இருந்த எஃகு இது, இப்போது எல்சி200என் என்ற பெயரில் மடக்குக்கத்திகளில் வருகிறது. வாசகர் அடுத்த கத்தி வாங்குவதாக இருந்தால் இதைப் பார்க்கலாம். கழுவ மறந்தாலும் மன்னிக்கும். ஆனால் கடினமான கார்பைடு குறைவு என்பதால், கயிறு அறுக்கும்போது டி2வைவிட முன்னதாகவே மழுங்கும்.