மைக்ரோவேவ் ஓவன்: எதற்குப் பயப்படலாம், எதற்கு வேண்டாம்

மைக்ரோவேவ் ரிப்பேருக்குப் போகிற வீடுகளில் அதிகம் கேட்கப்படுவது, “இதில் சூடு பண்ணிச் சாப்பிட்டால் கேன்சர் வருமா?” என்பதுதான். உள்ளே கருகிக் கிடக்கும் மைக்கா தகட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

முதலில் கேன்சர் பயத்தை முடித்துவிடுவோம். ஓவனுக்குள் இருக்கும் மேக்னட்ரான் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையை வெளியிடுகிறது. அது உணவில் உள்ள நீர் மூலக்கூறுகளை ஆட்டிச் சூடாக்குகிறது. எக்ஸ்-ரே போல மரபணுவைச் சிதைக்கும் சக்தி இதற்குக் கிடையாது. கதவைத் திறந்ததும் மேக்னட்ரான் நின்றுவிடும். உணவில் எந்தக் கதிரும் தங்காது. ஓவனின் மேற்பரப்பிலிருந்து 5 செ.மீ. தூரத்தில், சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது என்பது அமெரிக்க விதி. தள்ளி நின்றால் அந்தக் கொஞ்சமும் வேகமாகக் குறைந்துவிடும். செல்போனை உள்ளே வைத்து ரிங் போகிறதா என்று பார்க்கும் வாட்ஸ்அப் சோதனையை நம்ப வேண்டாம். போனுக்கு மிக மிக மெல்லிய சிக்னலே போதும், நல்ல ஓவனுக்குள்ளும் அடிக்கும்.

கவலைப்பட வேண்டியது கதவைப் பற்றி. கதவு சரியாக மூடினால்தான் மின்சாரம் போக வேண்டும் என்பதற்காகப் பக்கத்தில் சின்னச் சின்ன ஸ்விட்சுகள் வைத்திருக்கிறார்கள். இவற்றில் ஒன்று போனால் ஓவன் ஓடாது. அப்போது சில மெக்கானிக்குகள் ஸ்விட்சை ‘டைரக்ட்’ செய்துவிடுவார்கள், அதாவது இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிடுவது. ஓவன் ஓடும், செலவும் குறைவு. ஆனால் கதவு திறந்திருந்தாலும் ஓடக்கூடும். இதைவிட ஆபத்தான ரிப்பேர் எனக்குத் தெரிந்து வேறில்லை. ரிப்பேர் முடிந்ததும் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து ஓடவிட்டு, நடுவில் கதவைத் திறந்து பாருங்கள். அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கதவை உடனே மூடி, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வேறு ஆள் பார்த்துச் சரிசெய்யும் வரை ஓட்ட வேண்டாம். கதவின் கீல் தளர்ந்தாலும், விளிம்பு வளைந்தாலும் இதே கதைதான்.

அப்புறம் அந்த மைக்கா. உள்ளே, பெரும்பாலும் வலது பக்கச் சுவரில், தடித்த காகிதம் போல ஒரு தகடு இருக்கும். பேக்கிங் அட்டை என்று நினைத்து அதைப் பிய்த்து எறிந்தவர்களும் உண்டு. அலை உள்ளே வரும் வழியில் அழுக்குப் போகாமல் மூடியிருப்பது அதுதான், அலை மட்டும் அதைத் தாண்டி வரும். சாம்பாரை மூடாமல் சூடாக்கும்போது தெறிக்கிற எண்ணெயும் பருப்பும் அதில் ஒட்டுகிறது. துடைக்காமல் விட்டால் கருகிக் கரியாகிறது. கரி அலையை இழுத்துக்கொள்ளும். ஒருநாள் ‘பட் பட்’ என்று பொறி பறக்கும், தகட்டில் ஓட்டை விழும். அத்தோடு நிறுத்தியிருந்தால் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. “பொறிதான் வருகிறது, சூடாகத்தானே செய்கிறது” என்று ஓட்டினால் சுவரின் பெயின்ட் எரிந்து, மேக்னட்ரானே போய்விடும். சாப்பாட்டை மூடி வைத்துச் சூடாக்குங்கள். வாரம் ஒருமுறை, ஒரு கிண்ணம் தண்ணீரில் எலுமிச்சைத் துண்டுகளைப் போட்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடைத்தால் போதும். கம்பி நார் மட்டும் வேண்டவே வேண்டாம்.

யூடியூப் பார்த்து மேல்மூடியைக் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். அது ஆளைக் கொல்லும்.

கன்வெக்‌ஷன் (சூடான காற்றைச் சுழற்றிச் சமைக்கும் முறை) உள்ள ஓவன்களில் இன்னொரு தொல்லை. ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்று போட்ட பிளாஸ்டிக் டப்பா மைக்ரோவேவ் முறைக்கு மட்டும்தான். கன்வெக்‌ஷனில் காற்றே 200 டிகிரி வரை சூடாகும், டப்பா உருகித் தட்டில் வழியும். கிரில்லுக்குத் தருகிற கம்பி ஸ்டாண்டை மைக்ரோவேவ் முறையில் மறந்து விட்டால் பொறி பறக்கும். பட்டனை அழுத்துமுன் எந்த முறையில் இருக்கிறது என்று ஒருதரம் பாருங்கள்.

எவர்சில்வர், தங்கக் கரை போட்ட பீங்கான், கடையில் பார்சல் கட்டுகிற ஃபாயில் எதுவும் மைக்ரோவேவ் முறைக்கு ஆகாது. மெலமைன் தட்டும் ஆகாது. சந்தேகமான பாத்திரத்தைக் காலியாக வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரும் வைத்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். பாத்திரம் சுட்டால் அதற்கு ஓவனில் வேலையில்லை. (உலோகத்துக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.) தண்ணீர் இல்லாமல் காலி ஓவனை ஓட்டக் கூடாது.

இனி சாப்பாடு. அலை உணவுக்குள் இரண்டு மூன்று செ.மீ. அளவுதான் போகும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழவும் செய்யாது. அதனால்தான் சாதத்தின் ஓரம் கொதிக்க, நடு ஜில்லென்று இருக்கிறது. குவித்து வைக்காமல் பரப்புங்கள், நடுவில் ஒரு குழி விடுங்கள், பாதியில் நிறுத்திக் கிளறுங்கள். எடுத்ததும் ஒன்றிரண்டு நிமிடம் மூடியே இருக்கட்டும். மதியம் வடித்து இரவு வரை வெளியிலேயே கிடந்த சோற்றை ‘சூடாக்கினால் சரியாகிவிடும்’ என்று நினைக்காதீர்கள். அதில் வளரும் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா விடுகிற ஒரு வகை நச்சு சூட்டுக்கு அழியாது. ஆறியதும் பிரிட்ஜில் வைத்த சோறுதான் ஓவனுக்கு வர வேண்டும்.

குழந்தைக்கான பாலை இதில் சூடாக்க வேண்டாம். பாட்டில் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே பால் வாயைச் சுட்டுவிடும். முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும். சில சமயம் வெளியே எடுத்த பிறகு, கையில் வைத்தே வெடிக்கும். வழவழப்பான கோப்பையில் வெறும் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் குமிழ் விடாமல் நிற்கும். காபித்தூளைப் போட்டதும் பொங்கி முகத்தில் அடிக்கும். ஒரு மரக்கரண்டியை உள்ளே போட்டுச் சூடாக்கினால் அந்த ஆபத்து பெருமளவு குறையும்.

பவர் பட்டனைப் பலர் தொடுவதே இல்லை. சாதாரண மாடல்களில் 50 சதவீதம் என்றால் மேக்னட்ரான் பாதி நேரம் ஓடி, பாதி நேரம் நிற்கும். உறுமல் ஏறி இறங்குவது காதிலேயே கேட்கும். நின்ற நேரத்தில் சூடு உள்ளே பரவும். உறைந்ததை இளக்கவும் கெட்டியான குழம்பைச் சூடாக்கவும் அதுதான் ஏற்றது. இட்லிக்குத் தண்ணீர் தெளித்து மூடி, குறைந்த பவரில் வையுங்கள், கல்லாகாது. அப்பளம் மட்டும் முழு பவரில், பக்கத்திலேயே நின்று பார்த்துச் சுட வேண்டும். மிளகாய் வற்றலை வறுக்கிற ஆசை வேண்டாம், வீடே இருமும்.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டுக் காத்திருங்கள், காற்றில்லாமல் தானே அணையும். இந்த மெஷின் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும், கன்வெக்‌ஷன் இன்னும் அதிகம். 16 ஆம்பியர் சாக்கெட், நல்ல எர்த் அவசியம். மிக்சியும் கெட்டிலும் தொங்குகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதையும் செருகாதீர்கள். பிளக்கைத் தொட்டுப் பார்த்துச் சுடுகிறது என்றால், ஓவன் மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.