நோட்புக் என்பதற்குத் தமிழில் என்ன பேர்?

"சார், நோட்புக்ல போட்டு வச்சிருக்கேன், பாருங்க" என்றாள் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் வந்து படிக்கும் மாணவி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழாசிரியர் அவள் கையைப் பார்த்தார். நோட்டு எதுவும் இல்லை. மேசையில் இருந்த லேப்டாப்பைக் காட்டி, "இதைச் சொல்றியாம்மா?" என்றார். அதுவும் இல்லை. லேப்டாப்புக்குள் பிரவுசரில் திறந்திருந்த ஒரு பக்கம்தான் அவள் சொன்ன நோட்புக். "இதுக்குத் தமிழ்ல என்ன பேர்?" என்று என்னிடம் கேட்டார். குறிப்பேடு என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, அது போதவில்லை என்று பட்டது.

பள்ளியில் அறிவியல் செய்முறைக்கு இரண்டு நோட்டு வைத்திருந்தோம். அப்சர்வேஷன் நோட்டில் அளவுகளை அப்போதே கிறுக்குவோம். ரெக்கார்டு நோட்டில் நோக்கம், செய்முறை, படம், முடிவு எல்லாம் அழகாக ஏறும். முந்தின வருஷத்து அண்ணன்களின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவர்களும் உண்டு. செய்த வேலை ஓரிடத்தில், சொன்ன முடிவு இன்னோரிடத்தில் என்று பிரிந்து கிடந்ததால்தான் அது நடந்தது. கணினி நோட்புக் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்க்கிறது. மேலே விளக்கம், அதன் கீழே நிரல் (கணினிக்கு இடும் கட்டளைகள்), அதற்கும் கீழே அந்த நிரல் தந்த அட்டவணை அல்லது வரைபடம். நிரலில் ஓர் எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினால் கீழே உள்ள படமும் மாறும். காகித நோட்டில் இது நடக்காது. குறிப்பேடு என்ற சொல்லிலும் இது இல்லை.

நிரலை மனிதர் படிக்கும் கட்டுரைபோல எழுத வேண்டும் என்ற எண்ணத்தைக் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் 1984இல் முன்வைத்தார். 1988இல் வெளிவந்த மேத்தமாட்டிக்கா என்ற கணித மென்பொருளில் நோட்புக் என்ற பேரும் வடிவமும் வந்துவிட்டன. பின்னர் ஃபெர்னான்டோ பெரஸ், ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 2001இல் பைத்தான் நிரல்மொழிக்கான ஐபைத்தான் என்ற கருவியைத் தொடங்கினார். அதன் நோட்புக் 2011 டிசம்பரில் வெளியானது. தானே புயல் நம் கடற்கரையைப் புரட்டிப் போட்ட அதே மாதம். 2014இல் அது ஜூப்பிட்டர் என்று தனித் திட்டமாகப் பிரிந்தது. ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று நிரல்மொழிகளின் பேர்களும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. ஆனால் Jupyter என்று ரோமன் எழுத்தில் எழுதினால்தான் அது கண்ணுக்குப் படும். ஆங்கிலத்தில் ஜூப்பிட்டர் என்றால் வியாழன். வியாழன் கோளின் நிலவுகளை 1610இல் இரவுக்கு இரவு படமும் குறிப்புமாக எழுதி வைத்த கலிலியோவுக்கு வணக்கமும் அந்தப் பேரில் உண்டு. விண்வெளியில் பரவும் ஈர்ப்பலையைக் கண்டதாக 2016இல் அறிவித்த லைகோ ஆய்வுக் குழு, தரவோடு நோட்புக்கையும் சேர்த்தே வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் அந்தக் கணக்கை ஓட்டிப் பார்க்கலாம். எனக்கு இந்தக் கருவி பிடித்ததே அதனால்தான்.

அப்படி ஓட்டிப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு கதை இருக்கிறது. சென்னை வானாய்வகத்தில் முன்பு பொறுப்பில் இருந்த ஜான் வாரன், இங்கே ஒரு பஞ்சாங்கக்காரரைப் பார்த்தார். 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தை அந்தப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கிக் கணித்தார். காகிதம் இல்லை, எழுத்து இல்லை. அட்டவணை முழுவதும், எண்களைச் சொற்களாக்கிய வாக்கியங்களாக அவர் மனதில் இருந்தது; வாக்கியப் பஞ்சாங்கம் என்கிறோமே, அதே வாக்கியம்தான். கிரகணத் தொடக்கத்தில் அவர் பிசகியது 4 நிமிடம். நடுவில் 23, முடிவில் 52 நிமிடம். கையால் சோழி தள்ளிச் செய்த கணக்குக்கு இது வியக்க வேண்டிய துல்லியம். ஆனால் சோழியைக் கலைத்ததும் வழி அழிந்துவிடும். அந்த 52 நிமிடம் எந்தப் படியில் நுழைந்தது என்று தரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வாரன் படிகளை எழுதி, 1825இல் வெளிவந்த கால சங்கலிதா நூலில் சேர்த்தார். அந்தப் பதிவை வைத்துக்கொண்டுதான் 1952இல் அறிவியல் வரலாற்றாய்வாளர் ஓட்டோ நாய்கெபவர் இந்தத் தமிழ்க் கணித முறையை ஆராய முடிந்தது.

சரி, நோட்புக் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. 2019இல் ஓர் ஆய்வுக் குழு, நிரல்களைப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் கிடைத்த சுமார் 14 லட்சம் நோட்புக்குகளைத் திரட்டி, அவற்றில் ஓட்டத் தகுந்தவற்றை ஓட்டிப் பார்த்தது. பிழையில்லாமல் ஓடியவை சுமார் 24 சதவீதம். பழைய விடையையே தந்தவை சுமார் 4 சதவீதம். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பக்கம் செல் என்ற கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. எந்த செல்லையும் எந்த வரிசையிலும் ஓட்டலாம். ஓட்டிய எல்லாவற்றையும் பின்னால் இருந்து நிரலை ஓட்டும் கெர்னல் நினைவில் வைத்திருக்கும். ஒரு செல்லை அழித்தாலும் அது தந்த மதிப்பு கெர்னலில் நிற்கும், முந்தின கணக்கின் சோழிகள் தரையிலேயே கிடப்பதுபோல. பனையோலை ஏட்டில் துளையிட்டுக் கயிறு கோத்திருப்பார்கள், வரிசை மாறாது. இங்கே அந்தக் கயிறு இல்லை. ஆகவே கெர்னலை நிறுத்தி, புதிதாகத் தொடங்கி, மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்த பிறகே இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும்.

இனி பேருக்கு வருவோம். கணிப்பேடு என்றால் கருத்துக்கணிப்பு ஞாபகம் வரும். வருவதை முன்கூட்டிச் சொல்லும் ஏடு என்று தோன்றும். கணினி ஏடு என்றால் மறுபடி லேப்டாப்பில் போய் நிற்கும். இயங்கும் ஏடு என்பதால் இயங்கேடு என்று சொல்லிப் பார்த்தேன். சீர்கேடு, வழிகேடு வரிசையில் அதுவும் காதில் கேடாக விழுகிறது.

நான் கணியேடு என்கிறேன். கணி என்பது கணக்கிடுவது. கணியன் பூங்குன்றன் பேரில் இருப்பவர் காலம் கணிப்பவர். வாரன் பார்த்த சோழிக்காரரும் ஒரு கணியர்தான். ஏடு என்ற சொல் ஓலையில் தொடங்கி நாளேடு, பேரேடு, பதிவேடு வரை வந்திருக்கிறது. பிரெஞ்சு நிறுவனத்து ஓலைச்சுவடிகள் இருக்கும் ஊரில் அதற்கு அறிமுகம் தேவையில்லை. கணியேட்டில், கணியேட்டை என்று வேற்றுமை உருபும் தடங்கல் இல்லாமல் ஒட்டுகிறது. செல்லுக்கு அறை, கெர்னலுக்குக் கரு என்று வைத்துக்கொள்ளலாம். ஜூப்பிட்டர் மட்டும் ஜூப்பிட்டராகவே இருக்கட்டும், அது ஆள் பேர் மாதிரி.

அந்த மாணவி காட்டியது கடலூர் மழைக் கணக்கு. என் கணினியில் ஓட்டியபோது மூன்றாவது அறையிலேயே நின்றுவிட்டது. அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றிய அறையை, வேலை முடிந்துவிட்டதென்று அவள் அழித்திருந்தாள். அவள் கணினியில் ஓடிய கருவில் (கெர்னலில்) மட்டும் அது தந்த மதிப்பு உயிரோடு இருந்தது. அந்த அறையைத் திரும்ப எழுதி மறுநாள் அனுப்பினாள். கோப்பின் பேர் "கடலூர் மழைக் கணியேடு". மேலிருந்து கீழ்வரை நிற்காமல் ஓடியது.