டிஸ்டோபியா ‘பேரழிவு உலகம்’ அன்று

டிஸ்டோபியா என்றால் மக்களை நசுக்கும் ஆட்சி நடக்கும் கற்பனை நாடு. போன மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசியவர், அந்தச் சொல் வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘பேரழிவு உலகம்’ என்றார். நூல் மதிப்புரைகளிலும் இதையே படித்துப் படித்து அலுத்துவிட்டது.

வேர் எளிது. 1516இல் தாமஸ் மோர் தன் லத்தீன் நூலுக்கு வைத்த பெயர் யுடோபியா. கிரேக்கத்தில் ‘ஊ’ இல்லை, ‘டோபோஸ்’ இடம், இல்லாத இடம். ‘டிஸ்’ என்றால் கெட்ட; ஆக டிஸ்டோபியா, கெட்ட இடம். 1868இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அயர்லாந்து பற்றிய விவாதத்தில் ஆங்கிலத் தத்துவவாதியும் உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில் அரசுத் தரப்பைச் சாட இந்தச் சொல்லை எடுத்தார். அழிவு இதில் எங்கே வந்தது?

1924இல் ஆங்கிலத்தில் முதலில் அச்சேறிய, ரஷ்ய எழுத்தாளர் சம்யாதினின் ‘நாம்’ நாவலைப் பாருங்கள். அந்த நகரத்தில் எதுவும் இடிந்து கிடக்கவில்லை. சுவரெல்லாம் கண்ணாடி. மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒரு கவளத்தை 50 முறை மெல்லவேண்டும் என்பதுகூடச் சட்டம். திரையை இறக்கிவிட அனுமதிச் சீட்டு வேண்டும். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது; அந்த ஒழுங்குதான் குலை நடுங்க வைக்கிறது. ஆங்கில எழுத்தாளர் ஹக்ஸ்லியின் 1932 நாவலான ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’டிலோ மக்கள் சிரித்தபடியே சோமா என்ற மயக்க மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். விண்கல் விழுந்து, அரசே இல்லாமல் போய், மிஞ்சியவர்கள் சோற்றுக்கு அடித்துக்கொண்டால் அது பேரழிவுக் கதை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், அரசைக் கூண்டில் ஏற்றும் கதை விண்கல்லைக் கூண்டில் ஏற்றும் கதையாகிவிடும். அட்டைப்படத்தில் கரும்புகையைப் பார்த்துவிட்டுச் சொல் படைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் உள்ளே இருக்கும் அரசியலையே அழித்துவிடுகிறார்கள். இது சின்னப் பிழை இல்லை.

நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? நாட்டுக்கு வேண்டியதையெல்லாம் அடுக்கிவிட்டு, வள்ளுவர் ‘நாடு’ என்ற அதிகாரத்தைக் கடைசியில் இப்படி முடிக்கிறார்:

ஆங்கமை வெய்தியக் கண்ணும் பயமின்றே
வேந்தமை வில்லாத நாடு. (740)

எல்லா வளமும் இருந்தும் ஆட்சி சரியாக அமையாததால் பயனற்றுப்போன நாடு. டிஸ்டோபியாவை இதைவிட நெருங்கி யார் சொல்ல முடியும்? என் பரிந்துரை ‘கொடுநாடு’. கொடு என்றால் வளைந்த, கோணிய. செங்கோல் வளைந்தால் கொடுங்கோல். கோலோடு நாடும் சேர்ந்து கோணுவதைத்தானே இந்தக் கதைகள் சொல்கின்றன?

‘கொடு’ என்றால் தா என்றும் பொருள் வருமே என்றார் நண்பர் ஒருவர். கொடுவாளை யாரும் அப்படிப் படிப்பதில்லை. கொடுநாட்டுக் கதை, கொடுநாட்டுப் புனைவு என்று சொல்லிப் பாருங்கள், வாயில் தடையில்லாமல் வரும்.