ஃபால்செட்டோ என்னும் கள்ளக்குரல்

ஆண்பாடகர் ஒருவர் குரலை மேலே கொண்டுபோன உடனேயே அதை 'ஃபால்செட்டோ' என்று சொல்லிவிடும் பழக்கம் ராக் ரசிகர்களிடையே ஊறிப்போயிருக்கிறது. லெட் செப்பலினின் ராபர்ட் பிளான்ட், டீப் பர்ப்பிளின் இயன் கில்லன், குயீனின் ஃபிரெடி மெர்குரி ஆகிய மூவருக்கும் வேறுபாடு பாராமல் இந்தப் பட்டம் சூட்டப்படுகிறது. உண்மையில் இச்சொல் குறிப்பது குரல்நாண்கள் அதிரும் விதத்தை. சுருதியின் உயரம் அதனோடு சேர்ந்து வருவது மட்டுமே.

இத்தாலிய மொழியில் 'ஃபால்சோ' என்றால் பொய்யானது என்று பொருள். இலத்தீனின் 'ஃபால்சுஸ்' அதன் மூலம். '-எட்டோ' என்பது சிறுமையைக் காட்டும் விகுதி. நூல் என்னும் பொருளுடைய 'லிப்ரோ' இந்த விகுதியை ஏற்று, இசைநாடகத்தின் உரைநூலைக் குறிக்கும் 'லிப்ரெட்டோ' ஆனது. ஆகவே ஃபால்செட்டோ என்பதன் நேர்ப்பொருள் 'சிறு பொய்'. பெண்கள் பாட அனுமதிக்கப்படாத ஐரோப்பியத் தேவாலயங்களில், சிறுவர்களோடு நின்று உச்ச வரிகளைப் பாடிய வளர்ந்த ஆண்களை ஃபால்செட்டிஸ்டி என்று அழைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் காஸ்ட்ராட்டோ பாடகர்கள், அதாவது குரல் உடையாமலிருக்கச் சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்டவர்கள், போப்பின் பாடகர் குழுவில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். விதையடிக்கப்பட்டவரின் குரல் இயற்கையானது, ஃபால்செட்டிஸ்டியின் குரல் பொய்யானது என்று அக்காலத்தவர் வகுத்துக்கொண்ட முறை இன்றைக்கு நமக்கு விசித்திரமாகத்தான் படும்.

இதன் இயக்கத்தையும் பார்த்துவிடலாம். சாதாரணமாகப் பேசும்போது குரல்நாண்கள் தடித்து, முழுப் பருமனோடும் அதிர்ந்து, ஒவ்வொரு அதிர்விலும் நன்றாக மூடித் திறக்கின்றன. கள்ளக்குரலில் அவை நீட்டி இழுக்கப்பட்டு மெலிகின்றன. விளிம்புகள் மட்டும் அதிர, இடைவெளி பெரும்பாலும் முழுதாக மூடுவதில்லை, காற்றும் சற்றுக் கசிகிறது. அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் மேல்சுரங்களின் செறிவு குறைவதால் ஒலி புல்லாங்குழலைப் போல மென்மையாகவும் சற்றே வெறுமையாகவும் கேட்கிறது. குரல்வளையை நேரில் பார்க்கும் கண்ணாடிக் கருவியை 1854இல் உருவாக்கிய மானுவல் கார்சியா பாட்டுக் கற்பிக்கும் ஆசிரியர்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று அறியும் ஆவல் மருத்துவரைவிடப் பாட்டு வாத்தியாருக்கு அதிகமாக இருந்திருப்பதில் வியப்பில்லை.

இந்த மாற்றத்தைக் காதால் பிடிப்பதற்கு டெல் ஷானன் 1961இல் வெளியிட்ட 'ரன்அவே' போதும். நெஞ்சுக்குரலில், அதாவது வழக்கமான முழுக்குரலில், வந்துகொண்டிருக்கும் பாடல், 'வா-வா-வா-வா' என்று ஓர் அசை திரும்பத் திரும்ப ஒலிக்கும் இடத்தில் சட்டென்று மெல்லிய குரலுக்குத் தாவுகிறது. தாவும் அந்தக் கணத்தில் ஒரு முறிவு கேட்கும். அந்த முறிவையே அழகாக்கி, இரு குரல்களுக்கும் இடையே மாறிமாறித் துள்ளினால் அது யோடலிங். தமிழ்ப் படப் பாடல்களில் ஜே. பி. சந்திரபாபு செய்து காட்டியதும் அதுவே.

ராக் இசைக்கு இந்தக் குரல் வந்து சேர்ந்த வழிகளில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை வழியே எனக்கு மிகப் பிடித்தது. மிசிசிப்பியின் டாமி ஜான்சன் 1928இல் மெம்ஃபிஸ் நகரில் பதிவுசெய்த பாடல்களில், வரியின் நடுவே குரல் கள்ளக்குரலுக்கு நழுவி மீண்டும் கீழே இறங்கும். ஸ்கிப் ஜேம்ஸ் 1931இல் செய்த பதிவுகளிலோ பாட்டு முழுவதுமே அந்த மெல்லிய, துயரம் தோய்ந்த உச்சத்தில் நிற்கும். இவ்விருவரையும் ஊன்றிக் கேட்ட ஆலன் வில்சன் 'கேன்ட் ஹீட்' என்னும் ராக் குழுவில் இருந்தார். டாமி ஜான்சனின் பாடல் ஒன்றிலிருந்தே குழுவுக்குப் பெயர் வந்தது. 1968இல் வெளிவந்த 'ஆன் த ரோட் அகெய்ன்' பாடலில், தம்பூராவின் ரீங்காரத்துக்கு மேலே வில்சனின் குரல் எடையே இல்லாமல் மிதக்கிறது. உரத்துப் பாடுவதே ராக் என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை கேட்க வேண்டும்.

குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' (1975) வேறொரு பாடத்தைத் தருகிறது. அதன் இசைநாடகப் பகுதியில் 'கலிலியோ' என்று எல்லாருக்கும் மேலே ஒலிக்கும் குரலை ஃபிரெடி மெர்குரியுடையது என்றே பலர் நம்புகிறார்கள். அது டிரம்ஸ் வாசித்த ராஜர் டெய்லரின் கள்ளக்குரல். அப்பகுதியின் முடிவில் நீண்டு நிற்கும் உச்ச சுரமும் அவருடையதே. மெர்குரியின் பேச்சுக்குரலோ பாரிடோன் எனப்படும் நடுத்தர ஆண்குரல் என்று 2016இல் வெளியான குரலியல் ஆய்வு ஒன்று காட்டியது.

டீப் பர்ப்பிளின் 'சைல்ட் இன் டைம்' (1970) இந்த எல்லைக்கோட்டைப் படிப்படியாகக் கடந்து காட்டும் பாடல். சொற்களற்ற பகுதி காற்று கலந்த மெல்லிய 'ஊ'காரத்தில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று தடித்து, கடைசியில் முழுத் தொண்டையும் இறங்கிய அலறலாகிறது. முதல் சுற்றைக் கள்ளக்குரலுக்கு நெருங்கியது எனலாம். அந்த அலறலை என் காது அப்படிச் சொல்ல மறுக்கிறது. அதே ஆண்டில் வந்த 'இமிக்ரன்ட் சாங்' பாடலைத் தொடங்கிவைக்கும் பிளான்ட்டின் கூவலும் இந்த இரண்டாம் வகையே.

இனித் தமிழ்ச் சொல். சிலர் எழுதும் 'உச்சக்குரல்' பொருந்தாது. அது உயரத்தைத்தான் சொல்கிறது. மெலிவு, சமன், வலிவு என்னும் நம் மூன்று பழந்தமிழ்ச் சொற்களும் தாயி எனப்படும் சுர எல்லைகளைக் குறிப்பவை. மேல் எல்லையான வலிவில் முழுக்குரலாலும் பாடலாம். 'பெண்குரல்' என்பது தவறு. பெண்களுக்கும் இந்தக் குரல்நிலை உண்டு. 'பொய்க்குரல்' நேர்மொழிபெயர்ப்புதான் என்றாலும், குரலை மாற்றி ஏமாற்றுவதையோ பிறரைப் போலப் பேசுவதையோ நினைவூட்டுகிறது.

நம் சங்கீத விமரிசனத்தில் 'கள்ளக்குரல்' என்ற சொல் முன்பே புழங்குகிறது, பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே. வாய்விட்டுப் பாடாமல் மேல் ஷட்ஜத்தை ஒப்பேற்றுகிறார் என்று குறை சொல்லும்போது அது வரும். அதனாலேயே அச்சொல்லை விலக்க வேண்டும் என்பாருக்கு, இத்தாலியச் சொல்லும் அதே குற்றச்சாட்டோடுதான் பிறந்தது என்பதைச் சுட்டலாம். மேலும், கள்ள நோட்டு என்பதில் உள்ள கடுமை கள்ளச் சிரிப்பில் இல்லை. '-எட்டோ' விகுதியின் செல்லம் அந்த இரண்டாம் வழக்கில் ஏறத்தாழ வந்துவிடுகிறது. 'கள்ளக்குரலுக்குத் தாவினார்', 'கள்ளக்குரலிலேயே பாடி முடித்தார்' என்று தொடர்களிலும் அது தடையின்றி அமர்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸின் 'இமோஷனல் ரெஸ்க்யூ' (1980) பாடலைப் பற்றி எழுதுவதானால், மிக் ஜாகர் கள்ளக்குரலிலேயே வெகுநேரம் பாடிவிட்டு, பிற்பகுதியில் தாழ்ந்த சொந்தக் குரலில் பேசத் தொடங்குகிறார் என்று எழுதிவிடலாம்.