கடலுக்குள் கதிரியக்க வெப்ப மூலத்தைச் சோதிக்க உரிமம்: அமெரிக்க விதிகள் என்ன சொல்கின்றன?

கடலடியில் ஒரு கருவி பத்து இருபது ஆண்டுகள் ஓயாமல் இயங்க வேண்டும். பேட்டரி மாற்ற ஆள் இறங்க முடியாது. சூரிய ஒளியும் அங்கே எட்டாது. அந்த இடத்துக்கு 1960-களிலேயே அமெரிக்கா கண்டுபிடித்த வழி, ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள். அது சிதையும்போது வெப்பம் வருகிறது, அந்த வெப்பத்தை மின்சாரமாக்கலாம். 1961-ன் இறுதியில் மேரிலாண்டின் கர்டிஸ் விரிகுடாவில் கடலோரக் காவல்படையின் மிதவை ஒன்று இப்படித்தான் இயங்கத் தொடங்கியது. 1964-ல் பால்டிமோர் கலங்கரை விளக்கத்துக்கு 60 வாட் தரும் கருவி வந்தது. அந்த 60 வாட்டுக்காக உள்ளே இருந்தது சுமார் 2,25,000 கியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) ஸ்ட்ரான்சியம். ஒரு வாட் வெப்பத்துக்கு ஏறக்குறைய 150 கியூரி தேவை. அந்த வெப்பத்திலும் நூற்றில் நான்கு ஐந்து பங்குதான் மின்சாரமாகும் என்பதால் கணக்கு இவ்வளவு பெரிதாகிறது.

இப்போது இந்தத் தொழில்நுட்பத்துக்கு மறுபடியும் ஆர்வம் பிறந்திருக்கிறது. முன்பு இதைச் செய்தது அரசும் கடற்படையும். இப்போது தனியார் நிறுவனங்களும் வருகின்றன. அதனால் உரிமம் யார் தருவது, எதைச் சோதித்துத் தருவது, கடலில் போட்ட பிறகு யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவாக விடை தெரிந்திருக்க வேண்டும்.

யாரிடம் போக வேண்டும்?

செய்கிறவர் யார் என்பதைப் பொறுத்து வாசல் மாறும். எரிசக்தித் துறையின் ஆய்வகத்துக்குள் அத்துறைக்காக நடக்கும் வேலையை அத்துறையே மேற்பார்க்கிறது. கடற்படைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் (என்.ஆர்.சி.) 1987-ல் ஒரு முதன்மை உரிமம் கொடுத்தது; அதன் கீழ் கடற்படையின் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு தன் பிரிவுகளுக்குத் தானே அனுமதி வழங்கலாம். தனியார் நிறுவனமோ பல்கலைக்கழகமோ என்றால், என்.ஆர்.சி.யிடமோ மாநில அரசிடமோ விண்ணப்பிக்க வேண்டும்.

மாநில அரசு எப்படி வந்தது என்றால், என்.ஆர்.சி.யோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மாநிலங்கள் இத்தகைய மூலங்களுக்குத் தாங்களே உரிமம் தருகின்றன. பெரும்பாலான மாநிலங்கள் இப்போது அப்படித்தான். கரையில் ஒரு தொட்டியில் கடல்நீரை நிரப்பி அதற்குள் சோதித்தால் மாநில உரிமமே போதும். அதே பொருளை மாநிலத்தின் கடல் எல்லையைத் தாண்டி (பெரும்பாலான இடங்களில் கரையிலிருந்து மூன்று கடல் மைல்) கொண்டுபோனால் மாநில உரிமம் அங்கே செல்லாது, என்.ஆர்.சி.யின் அதிகாரம் தொடங்குகிறது. கதிரியக்கக் கழிவைக் கடலில் கொட்டுவது பற்றிய அதிகாரத்தையும் என்.ஆர்.சி. எந்த மாநிலத்துக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கடலோரத் தொட்டியில் தொடங்கி ஆழ்கடலில் முடியும் ஒரே ஆய்வுக்கு இரண்டு அதிகாரிகள் இருப்பது இதனால்தான். இதைத் திட்டத்தின் முதல் நாளே பார்க்காதவர்கள் பின்னால் கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்திவைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இதோடு வேறு அலுவலகங்களும் உண்டு. கண்டத்திட்டில் (கரையை ஒட்டிய கடலடிப் பரப்பில்) ஏதாவது நிலையாக நிறுவினால் ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி, கடல் சரணாலயத்துக்குள் என்றால் கடலையும் வளிமண்டலத்தையும் கவனிக்கும் நோவா என்ற அரசு அமைப்பின் அனுமதி, கப்பலில் ஏற்றிச் செல்லப் போக்குவரத்துத் துறை விதிகள்.

இரண்டு அடுக்கு அனுமதி

முதல் அடுக்கு, பொருளுக்கு. வெப்ப மூலம் 'முத்திரையிட்ட மூலம்' என்ற வகையில் வருகிறது. அதாவது கதிரியக்கப் பொருள் உலோக உறைக்குள் பற்றவைத்து மூடப்பட்டிருக்க வேண்டும். தயாரிப்பாளர் அதன் வடிவமைப்பு, உலோகம், பற்றவைப்பு முறை, மாதிரிச் சோதனை முடிவுகள் எல்லாவற்றையும் கொடுத்துப் பதிவுச் சான்றிதழ் வாங்குவார். இரண்டாம் அடுக்கு, ஆளுக்கு. அந்த மூலத்தை வைத்திருந்து பயன்படுத்துபவருக்குத் தனி உரிமம்: பயிற்சி பெற்ற பாதுகாப்பு அலுவலர், கசிவுச் சோதனை, ஊழியர்களின் கதிர்வீச்சு அளவீடு. பொதுமக்களில் ஒருவருக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) மேல் போகக்கூடாது. ஊழியருக்கு 50 மில்லிசீவர்ட் உச்சவரம்பு.

ஸ்ட்ரான்சியம்-90 பத்து டெராபெக்கரலை (270 கியூரி) எட்டினாலே கூடுதல் காவல் விதிகள் வந்துவிடும். ஆயிரம் டெராபெக்கரலில் அது மிக ஆபத்தான முதல் வகை. அங்கே ஊழியர்களின் பின்னணியை விசாரிப்பது, பூட்டு, கண்காணிப்பு, தேசியப் பதிவேட்டில் ஒவ்வொரு கைமாற்றத்தையும் எழுதுவது எல்லாம் கட்டாயம். ஒரு பழைய சோவியத் கலங்கரை விளக்கக் கருவியில் 35,000 கியூரிக்கு மேல் இருந்தது. அது நேராக முதல் வகைதான்.

கடல்நீர் என்ன செய்யும்?

முத்திரையிட்ட மூலங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 2919 தரத்தில் வெளி அழுத்தத்துக்கு ஆறு வகுப்புகள் உள்ளன. உச்ச வகுப்பு 170 மெகாபாஸ்கல். நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் கடல் தரும் அழுத்தம் சுமார் 40 மெகாபாஸ்கல்தான். உலகின் மிக ஆழமான இடத்தில்கூட சுமார் 110. ஆக, அழுத்தம் கையாளக்கூடியது. ஆனால் அந்தச் சோதனை நடப்பது சில நிமிடங்கள். கடலில் மூலம் கிடப்பது ஆண்டுக்கணக்கில், அதுவும் சூடான பரப்போடு, உப்பில் ஊறி. குளோரைடு உள்ள நீரில் துருப்பிடிக்காத எஃகில்கூட ஊசிமுனைக் குழிகள் விழும். இரு வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று வேகமாக அரிக்கும். மேலே பாசியும் சிப்பியும் படிந்தால் வெப்பம் வெளியேறும் கணக்கே மாறும்.

போக்குவரத்துப் பெட்டிக்கான சோதனையைக் காட்டி 'நீரிலும் தாங்கும்' என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறான ஆறுதல். அந்தப் பெட்டி 9 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, 800 டிகிரி தீயில் அரை மணி நேரம் நின்று தாங்கும் என்பது உண்மை. நீரில் மூழ்கும் சோதனையோ 15 மீட்டர் ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தில் எட்டு மணி நேரம் மட்டுமே. மிக அதிகக் கதிரியக்கம் கொண்ட சரக்குக்கு 200 மீட்டர், ஒரு மணி நேரம். வழியில் விபத்து நேர்ந்தால் தாங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கடலடியில் வேலை செய்வதற்கான சான்று அல்ல.

வெப்பமும் நீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1988-ல் ஜார்ஜியா மாநிலம் டிகேட்டரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். மருத்துவப் பொருட்களைக் கிருமிநீக்கும் ஒரு கூடத்தில், ஹான்ஃபோர்டு அணு வளாகத்திலிருந்து வந்த கதிரியக்க சீசியம்-137 குழல்கள் நீர்த்தொட்டியில் வைக்கப்பட்டிருந்தன. வேலைக்கு வெளியே எடுப்பார்கள், முடிந்ததும் நீருக்குள் இறக்குவார்கள். காற்றில் சூடேறி, நீரில் குளிர்ந்து, மறுபடி சூடேறி... இந்த ஏற்ற இறக்கத்தில் உறை பாதிக்கப்பட்டு ஒரு குழல் கசிந்தது. உள்ளே இருந்தது சீசியம் குளோரைடு. நீரில் எளிதாகக் கரையும் உப்பு. தொட்டி நீர் மாசுபட்டு, கூடம் மூடப்பட்டு, சுத்தம் செய்யவே ஆண்டுகள் ஆயின. அதுவும் முறையான உரிமத்தோடு இயங்கிய கூடம்தான். ஆளும் பொருளும் சரியாக இருந்தும், பொருள் வடிவமைக்கப்பட்ட சூழலும் பயன்பட்ட சூழலும் வேறு வேறாக இருந்தன.

கடலுக்கான வெப்ப மூலத்தில் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டைத் தேர்ந்தெடுத்த காரணம் இங்கேதான் புரியும். அது பீங்கான் போன்ற திடப்பொருள், நீரில் மிக மிகக் குறைவாகவே கரையும். உறை ஓட்டையானாலும் உள்ளிருப்பது உடனே கலந்துவிடாது. உரிம விண்ணப்பத்தில் நான் முதலில் தேடுவது உறையின் தடிமனை அல்ல, உள்ளே எந்த வேதிவடிவம் இருக்கிறது என்பதைத்தான்.

கலந்தால் என்ன? ஸ்ட்ரான்சியம் உடலில் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து எலும்பில் தங்கும். கடல்நீரில் இயற்கையான கால்சியமும் ஸ்ட்ரான்சியமும் நிறைய இருப்பதால் மீனின் சதையில் அது குறைவாகவே சேரும்; முள்ளிலும் சிப்பி ஓட்டிலும் அதிகம். நெத்திலி போல முள்ளோடு தின்னும் மீன் பிடிபடும் இடமென்றால் இந்த வேறுபாட்டை விண்ணப்பம் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

நல்ல முன்னுதாரணமும் உண்டு. 1968 மே மாதம் நிம்பஸ் பி-1 செயற்கைக்கோளைச் சுமந்த ராக்கெட் வழிதவறியதால் அழிக்கப்பட்டது. அதிலிருந்த புளூட்டோனியம் மின்கருவிகள் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா கால்வாயில் விழுந்தன. சில மாதம் கழித்துக் கடலடியிலிருந்து எடுத்தபோது எரிபொருள் உறைகள் உடையாமல் இருந்தன. அந்த எரிபொருளே அடுத்த நிம்பஸில் மறுபடி பயன்பட்டது. திட்டமிடாத கடல்சோதனை அது. ஆனால் எடுத்துவிட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. 1987-ல் சகாலின் தீவருகே ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோன சோவியத் கருவி ஒன்றை, வானிலை கெட்டதால் ஓகோட்ஸ்க் கடலில் கழற்றிவிட நேர்ந்தது. 1997-ல் அதே தீவருகே இன்னொன்று விழுந்தது. அதைக் கடலிலிருந்து மீட்கப் பத்து ஆண்டுகள் ஆயின.

விதிகளுக்கு அப்பால் ஒரு எளிய ஒழுங்கு இருக்கிறது, பொறியாளர்கள் பல காலமாகக் கடைப்பிடிப்பது: கதிரியக்கம் இல்லாத மாதிரியில் மின்சூடேற்றியை வைத்து அதே வெப்பத்தை உண்டாக்கி, முதலில் அதைக் கடல்நீரில் போட்டுப் பார்ப்பது. அரிப்பு, பாசி, வெப்பப் பரிமாற்றம் எல்லாவற்றையும் அதிலேயே அளந்துவிடலாம். உண்மையான மூலத்தை இறக்குவது அதற்குப் பிறகும் விடை தெரியாத கேள்விகளுக்கு மட்டுமாக இருக்க வேண்டும்.

சோதனை முடிந்தால் எடுக்க வேண்டுமா?

இந்த விஷயத்தில் எனக்கு உண்மையான கவலை இதுதான்.

கழிவைக் கடலில் கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1972-ன் லண்டன் உடன்படிக்கையில் அமெரிக்கா உறுப்பினர். கதிரியக்கக் கழிவு எதையும் கொட்டக்கூடாது என்ற முழுத்தடை அதன் கீழ் 1994 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் சொந்தச் சட்டமும் உயர்நிலைக் கழிவுக்கு அனுமதியே கிடையாது என்கிறது; தாழ்நிலைக் கழிவுக்குக்கூட நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஆனால் இரண்டிலும், எறிவதற்காக இல்லாமல் வேறொரு பயனுக்காக ஒரு பொருளைக் கடலில் 'வைப்பது' கொட்டுதல் ஆகாது. வெப்ப மூலச் சோதனை சட்டப்படி சாத்தியமாவதே இந்த வரியால்தான்.

சோதனை முடிந்து, மேலே எடுக்கும் கயிறு அறுந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது அது வைக்கப்பட்ட கருவியா, கொட்டப்பட்ட கழிவா? 1996-ன் லண்டன் நெறிமுறை, பயனுக்காக வைத்த கேபிள், குழாய், கடல் ஆய்வுக்கருவி ஆகியவற்றைக் கைவிடுவது கொட்டுதல் ஆகாது என்று எழுதிவைத்திருக்கிறது. கேபிளுக்குச் சரி. பல்லாயிரம் கியூரி உள்ள உறைக்கு அதே சலுகை சரியாகாது என்பது என் உறுதியான கருத்து. (அமெரிக்கா இந்த நெறிமுறையில் கையெழுத்திட்டது, உறுதிசெய்யவில்லை.) ஸ்ட்ரான்சியம்-90-ன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், சுமார் 29 ஆண்டு. ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையவே கிட்டத்தட்ட 290 ஆண்டுகள் ஆகும்.

என்.ஆர்.சி.யிடமே இதற்கு ஒரு மாதிரி இருக்கிறது. எண்ணெய்க் கிணறு ஆய்வில் பயன்படும் கதிரியக்க மூலம் சில சமயம் கிணற்றுக்குள் சிக்கிவிடும். அதற்குத் தனி விதி: வேலை தொடங்கும் முன்பே கிணற்று உரிமையாளரோடு எழுத்து ஒப்பந்தம், சிக்கினால் மீட்க நியாயமான முயற்சி, முடியாவிட்டால் நிறமேற்றிய சிமென்ட் கொண்டு அடைப்பு, கிணற்று வாயில் 17 சென்டிமீட்டர் சதுரத்தில், 3 மில்லிமீட்டர் தடிமனில் நிரந்தரத் தகடு, அதில் என்ன மூலம், எவ்வளவு, எந்த ஆழத்தில், என்று கைவிடப்பட்டது என்ற விவரம். 30 நாளில் எழுத்து அறிக்கை. கடலடி வெப்ப மூலத்துக்கென்று இதுபோல் ஒரு தனி விதிப்பகுதி கிடையாது. ஒவ்வொரு உரிமத்திலும் எழுதும் நிபந்தனையை நம்பியே எல்லாம் நடக்கிறது. நிதி உத்தரவாதமும் அப்படித்தான். ஆயிரம் கியூரிக்கு மேல் ஸ்ட்ரான்சியம் வைத்திருப்பவர் பின்னாள் அப்புறப்படுத்தலுக்குப் பணம் ஒதுக்கிக் காட்ட வேண்டும். ஆனால் முத்திரையிட்ட மூலத்துக்கு விதியில் எழுதிய தொகை 1,13,000 டாலர். கரையில் ஒரு கிடங்கைக் காலிசெய்யப் போதலாம். ஆழ்கடலுக்குக் கப்பலும் ரோபோவும் அனுப்ப அது எந்த மூலைக்கும் காணாது.

மூலம் தொலைந்தால் தெரிந்த உடனே தொலைபேசியிலும், 30 நாளுக்குள் எழுத்திலும் என்.ஆர்.சி.க்குச் சொல்வது கட்டாயம். 'கயிறு அறுந்தது, ஆனால் இடம் தெரியும்' என்பது தொலைந்ததாகுமா என்ற விவாதத்துக்கே இடமில்லாமல் உரிமத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

பொதுமக்களுக்கு உள்ள உரிமை

உரிம விண்ணப்பம் தன் நலனைப் பாதிக்கும் என்று காட்டக்கூடிய எவரும், அந்தக் கடலில் மீன்பிடிப்பவர் உட்பட, அணுசக்திச் சட்டத்தின் 189-ம் பிரிவின்படி விசாரணை கேட்கலாம். அறிவிப்பு வெளியானதிலிருந்து 60 நாள் அவகாசம். 'அணு வேண்டாம்' என்ற பொதுவான எதிர்ப்பு அங்கே நிற்காது. விண்ணப்பத்தின் எந்தப் பக்கத்தில் எது குறை, ஏன் என்று ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். காவல் தொடர்பான பகுதிகள் மறைக்கப்பட்டிருக்கும்; மற்ற ஆவணங்கள் என்.ஆர்.சி.யின் இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசம்.

அங்கே போய்ப் படிப்பவர் கேட்க வேண்டியவை: உள்ளிருக்கும் வேதிவடிவம் எது, கரைதிறன் எவ்வளவு, மின்சூடேற்றி வைத்த மாதிரி எத்தனை காலம் அதே கடல்நீரில் கிடந்தது, மீட்பதற்கு ஒரு கயிறு மட்டுமா, இரண்டாவது வழி உண்டா, மீட்கும் கப்பலுக்கான பணம் சோதனைக்கு முன்பே ஒதுக்கப்பட்டதா, இறக்கும் நாளுக்கு முன் அந்த இடத்தின் நீரையும் சேற்றையும் அளந்து வைத்தார்களா. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் உலகக் கடல்கள் எங்கும் ஸ்ட்ரான்சியம்-90 ஏற்கெனவே சிறிதளவு இருக்கிறது. முன்னளவு இல்லாவிட்டால் பின்னால் கிடைக்கும் எண் எதையும் நிரூபிக்காது.

60 நாள் கடந்துவிட்டாலும், உரிமம் கொடுத்த பிறகும், நிபந்தனை மீறப்படுகிறது என்று தெரிந்தால் உரிமத்தை மாற்றவோ நிறுத்தவோ ரத்துசெய்யவோ கோரி என்.ஆர்.சி.க்கு யார் வேண்டுமானாலும் மனு எழுதலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை.