பெரிய பைக்கும் பழகாத மணிக்கட்டும்

மோட்டார் சைக்கிளின் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறக்க மணிக்கட்டை ஏறத்தாழக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். வண்டி 10 குதிரைத்திறன் கொண்டதாயினும் 200 குதிரைத்திறன் கொண்டதாயினும் கை திரும்பும் அளவில் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபடுவது அந்தத் திருப்பத்துக்குக் கிடைக்கும் விளைவுதான். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 20 நொடி எடுத்துக்கொள்ளும் வண்டியில், கையைத் தளர்த்த அரை நொடி தாமதமானால் வேகம் கூடுதலாக 2 அல்லது 3 கிலோமீட்டர் ஏறியிருக்கும். அதே வேகத்தை 3 நொடியில் எட்டும் வண்டியிலோ, அந்த அரை நொடிக்குள் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் கூடிவிடுகிறது. பழகுபவர் செய்யும் பிழை இரண்டு வண்டிகளிலும் ஒன்றுதான். சிறிய வண்டி அதைப் பொறுத்துக்கொள்கிறது, பெரிய வண்டி பல மடங்காக்கித் திருப்பித் தருகிறது.

இந்தப் பெருக்கம் எவ்வளவு என்பதை 'எத்தனை சிசி' என்ற வழக்கமான கேள்வி சொல்லிவிடுவதில்லை. 70 குதிரைத்திறனை நிதானமாகத் தரும் 1200 சிசி குரூஸர் ஒன்றைவிட, 110 குதிரைத்திறனுக்கு மேல் தரும் 600 சிசி பந்தய வகை வண்டி புதியவருக்கு மிகக் கடினமானது. திறனுக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பதே முறை. நடுத்தரத் திறனுள்ள மோட்டார் சைக்கிள்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏ2 ஓட்டுநர் உரிமம், வண்டியின் திறன் 35 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது என்பதோடு நில்லாமல், ஒரு கிலோ எடைக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் வரையறுப்பதற்கு இதுவே காரணம். இயந்திரம் திறனைத் தரும் விதத்தையும் கவனிக்க வேண்டும். நான்கு சிலிண்டர் பந்தய வண்டிகள் குறைந்த சுழற்சியில் சாதுவாகத் தோன்றி, சுழற்சி நிமிடத்துக்கு எட்டாயிரம், பத்தாயிரம் என ஏறும்போது திடீரென்று வேறொரு வண்டியாகிவிடும். முதல் அரை மணி நேரத்தில் 'இவ்வளவுதானா' என்று தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான்.

புதியவர்களைக் கீழே தள்ளும் நிகழ்வுகளில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, வண்டிக்கும் உடலுக்கும் இடையே உருவாகும் ஒரு தீய சுழற்சி. வண்டி எதிர்பாராமல் முன்னே பாய்கிறது; நிலைமத்தின் காரணமாக ஓட்டுபவரின் உடல் பின்னால் சாய்கிறது; விழாமலிருக்கக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்ளும்போது முழங்கை நீண்டு, மணிக்கட்டு தாழ்ந்து, ஆக்ஸிலரேட்டர் இன்னும் கொஞ்சம் திறக்கிறது. அதனால் வண்டி மேலும் பாய, உடல் மேலும் சாய்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் வேண்டுமென்றே முறுக்கியதாகத் தோன்றும். உண்மையில் அவர் பிடிமானத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார். 'பயந்தால் கையை விட்டுவிடு' என்ற அறிவுரை இங்கே அதிகம் பயன்படாது, ஏனென்றால் பயந்த கை இறுகவே செய்யும். உடலைத் தாங்கும் வேலையைக் கையிடமிருந்து எடுத்து முழங்காலுக்குக் கொடுப்பதே பயனுள்ள வழி. பெட்ரோல் டேங்கை இரு முழங்கால்களாலும் அணைத்து, முழங்கையைச் சற்று மடக்கி வைத்து, ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும்போதே மணிக்கட்டு முன்கையோடு நேர்க்கோட்டில் அல்லது சற்றே தாழ்ந்து இருக்குமாறு பிடித்தால், மேலும் முறுக்குவதற்கு மணிக்கட்டில் இடம் குறைந்துவிடும். இடக்கையின் இரு விரல்கள் கிளட்ச் மீது இருக்கட்டும். கிளட்சை அழுத்திவிட்டால் இயந்திரம் எவ்வளவு கத்தினாலும் பின்சக்கரத்துக்கு விசை செல்லாது.

பிரேக்கிலும் இதே பெருக்கம் உண்டு, ஆனால் இயற்பியல் சற்று வேறு. நிற்கும்போது வண்டியும் ஆளும் சேர்ந்து 280 கிலோ எடை என்றும், அது இரு சக்கரங்களிலும் சரிபாதியாக இருக்கிறது என்றும் கொள்வோம். பலமாகப் பிரேக் பிடிக்கையில் எடை முன்னோக்கி நகர்வதால் முன்சக்கரத்தின் மீதுள்ள சுமை 140 கிலோவிலிருந்து 230 கிலோ வரை உயரக்கூடும். டயர் சாலையைப் பற்றும் விசை அதன் மீதுள்ள சுமையைப் பொறுத்தது என்பதால், நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன்பிரேக்கில்தான் இருக்கிறது. ஆயினும் அந்தச் சுமை வந்து சேர ஒரு கணம் தேவை. முன்பக்க சஸ்பென்ஷன் அமுங்கி, டயர் சாலையோடு நெருங்கி அமர வேண்டும். அதற்கு முன்பே லீவரை வெடுக்கென்று இழுத்தால், இன்னும் சுமை ஏறாத சக்கரம் சுழல்வதை நிறுத்தி வழுக்குகிறது. ஈரத்துணியைப் பிழிவதுபோல, முதலில் மெல்லத் தொட்டுப் பிறகு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் முறை. 1988-இல் பிஎம்டபிள்யூ கே100 வண்டியில் அறிமுகமான ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். கையை அதுவே பழக்கிவிடாது. அமெரிக்க ஆய்வாளர் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்து 1981-இல் வெளியான ஆய்வு, சுமார் 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்தது. நெருக்கடியில் பலர் பின்பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்ததையும் முன்பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காததையும் அது பதிவுசெய்தது. தப்பிக்கப் பொதுவாகக் கிடைத்த நேரம் 2 நொடிக்கும் குறைவு.

வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். நல்ல உலர்ந்த சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 5 மீட்டர் போதுமானால், 60-க்கு 20 மீட்டரும் 120-க்கு 80 மீட்டரும் ஆகும். ஆபத்தை உணர்ந்து கை லீவரைத் தொடுவதற்குள் ஒரு நொடி கழிந்தால், 120-இல் அதற்கே இன்னும் 33 மீட்டர் போய்விடும். ஆள் இல்லாத திடலில் 30-இல் தொடங்கி, பிடிப்பு சீரான பிறகு மட்டும் 40, 50 என்று ஏற்றிப் பழகுவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

வளைவுகளில் இன்னொரு விந்தை காத்திருக்கிறது. ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், வண்டியை வலப்புறம் திருப்ப வலது கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் இடப்புறம் நகர, அதன் விளைவாக வண்டி வலப்புறம் சாய்ந்து வளைகிறது. விமானத்தை உருவாக்குவதற்கு முன் மிதிவண்டிகள் செய்துவந்த வில்பர் ரைட், மிதிவண்டி ஓட்டுபவர்கள் தாங்கள் செய்வது இன்னதென்று அறியாமலே இதைச் செய்வதைக் கவனித்திருந்தார். இலகுவான வண்டியில் அறியாமலே செய்தால் போதும். 200 கிலோ வண்டியை விரைந்து சாய்க்க அறிந்து செய்ய வேண்டும்.

டயரின் பிடிப்பும் அளவுக்கு உட்பட்டது. பக்கவாட்டு விசையும் முன்பின் விசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால், இரண்டின் வர்க்கங்களையும் கூட்டித்தான் மொத்தத்தைக் கணக்கிட வேண்டும். அதன்படி, பிடிப்பில் 80 விழுக்காடு வளைவுக்குச் செலவானால் பிரேக்குக்கோ முடுக்கத்துக்கோ 60 விழுக்காடுதான் மீதமிருக்கும்; 90 செலவானால் மீதம் சுமார் 44. ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துக்கொண்டு, சாய்ந்த பிறகு ஆக்ஸிலரேட்டரை மிகச் சிறிதளவு திறந்து நிலையாக வைத்திருக்க வேண்டும். திறன்மிக்க வண்டி இதைக் கெடுப்பது பெரும்பாலும் வளைவுக்கு முந்தைய நேர்ச்சாலையில்தான். 60-இல் நுழைய நினைத்தவர் தம்மை அறியாமலே 72-இல் நுழைந்துவிடுகிறார். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 60-க்கு வண்டி ஏறத்தாழ 30 பாகை சாய வேண்டும், 72-க்கு 39 பாகை. அதுவரை 20 பாகைக்கு மேல் சாய்ந்தறியாதவர் அந்தக் கணத்தில் வண்டியின் எல்லை முடிந்துவிட்டதாக நம்புகிறார். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென மூடி, பிரேக்கைப் பிடிக்க, வண்டி நிமிர்ந்துகொள்கிறது. கண் சாலையோரத் தடுப்பில் நிலைக்க, வண்டி கண் போன இடத்துக்கே போகிறது. உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல நிலையிலுள்ள டயர் பொதுவாக 40 பாகை சாய்வைத் தாங்கும். பார்வையை வளைவின் வெளிவாசலுக்குத் திருப்பி, உட்புறக் கைப்பிடியை இன்னும் சற்றுத் தள்ளியிருந்தால் வண்டி வளைந்தே போயிருக்கும்.