திருமணப் பரிசு யார் பெயரில் போய்ச் சேருகிறது?

புதுக்கோட்டை வட்டாரத்தில் பல ஆண்டுகளாக வருமான வரி ஆலோசகராக இருந்துவரும் எனக்கு, திருமணப் பரிசுகளை மண்டபத்தில் பார்ப்பதைவிட, சில மாதங்கள் கழித்துக் கணக்குக் காகிதங்களாக மேசையில் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. தை மாதத்தில் திருமணம் முடித்த ஒரு தம்பதியர், 80 நாட்கள் ஆன நிலையில், ஒரு நண்பருடன் என்னிடம் வந்தார்கள். மணப்பெண் துணிப்பையிலிருந்து மொய் நோட்டை எடுத்து வைத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அட்டை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் தாய்மாமன் பெயரில் 10,001 ரூபாய். பரிசுப் பொருட்களைப் பற்றிக் கேட்டேன். “பதினோரு சுவர்க்கடிகாரம் வந்திருக்கிறது சார், ஒன்றுக்கும் ரசீது இல்லை” என்று மாப்பிள்ளை சிரித்தார். அவற்றுள் ஒன்றை நானே கொடுத்திருக்கவும் கூடும் என்பதால் நான் சிரிக்கவில்லை.

சிக்கல் கடிகாரங்களில் இல்லை. மொய்ப் பணம் முழுவதும் மாப்பிள்ளையின் தந்தையுடைய வங்கிக் கணக்கில் போடப்பட்டிருந்ததில்தான் இருந்தது. திருமணத்தை முன்னிட்டு மணமக்கள் பெறும் பரிசுக்கு, கொடுப்பவர் உறவினரா நண்பரா என்ற பேதமோ உச்சவரம்போ இன்றி வருமான வரி விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு மணமக்களுக்கு மட்டுமே உரியது. பெற்றோர் தம் கணக்கில் வாங்கிக்கொள்ளும் தொகையில், உறவினரல்லாதோர் கொடுத்தது ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் அது முழுவதும் அவர்களுடைய வருமானமாகிவிடும். காதணி விழா, புதுமனை புகுவிழா, எங்கள் பக்கத்து ஆடி மாத மொய் விருந்து ஆகியவற்றுக்கும் இந்த விலக்கு பொருந்தாது. நம் வழக்கில் மொய் என்பது திரும்பச் செய்தாக வேண்டிய செய்முறை. சட்டத்தின் பார்வையிலோ அது பரிசு. செய்முறையைத் தலையில் சுமப்பவர் தந்தை என்பதால் பணமும் அவர் கைக்கே போகிறது. அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. மணமக்களுக்கென்றே கொடுக்க விரும்புவோர் அதை அவர்கள் பெயரில் வங்கி வழியாகவோ காசோலையாகவோ கொடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஒரே நிகழ்வை முன்னிட்டு ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விதிக்கப்படலாம்.

பொருளாகத்தான் கொடுக்க வேண்டுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது மருத்துவக் காப்பீடு. தனியாக வாங்கும் பல காப்பீட்டுத் திட்டங்களில் மகப்பேறு செலவுக்கு 2 முதல் 4 ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் இருப்பதால், குழந்தை உண்டான பிறகு தேடுவதில் பயனில்லை. திருமணமான மாதத்தில் எடுத்தால்தான் அது கைகொடுக்கும். அந்த மாதத்தில் எந்தத் தம்பதியரும் அதற்குப் பணம் ஒதுக்குவதில்லை. அலுவலக நண்பர்கள் பன்னிரண்டு பேர் தலைக்கு 2,000 ரூபாய் போட்டால் 24,000 ரூபாய் சேரும். தம்பதியர் இளவயதினராக இருந்தால் முதலாண்டுப் பிரீமியத்தின் பெரும்பகுதி அதில் அடங்கக்கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. ஆனால் பிரீமியத்தை நண்பர்களே நேரடியாகக் கட்டிவிடக் கூடாது. தொகையை மணமக்கள் கணக்கில் செலுத்தி, திட்டத்தை அவர்களே தேர்ந்தெடுத்து, ரொக்கமாக அல்லாமல் அவர்கள் கணக்கிலிருந்தே கட்டினால்தான், வருமான வரியின் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அதற்கான வரிக்கழிவு கிடைக்கும்.

பணமே செலவாகாத பரிசும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள். விருந்துக்கும் கோயிலுக்கும் அலைகிற புதுத் தம்பதியருக்கு இந்த நாட்கள் எப்படிக் கரைகின்றன என்றே தெரிவதில்லை. அழைப்பிதழ், வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து, படிவம் நிரப்பி, சாட்சிகளைத் திரட்டி, சார் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நாள் உடன் வருகிற நண்பரின் உதவி, வங்கியிலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் பிற்பாடு பலமுறை பயன்படும்.

பரிசுகளின் பட்டியலை எழுதித் தருவதும் அப்படிப்பட்டதே. வரதட்சணைத் தடைச் சட்டத்தின்கீழ் 1985இல் வகுக்கப்பட்ட விதிகள், மணமகள், மணமகன் ஒவ்வொருவரும் தாம் பெற்ற பரிசுகளின் விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை ஆகியவற்றை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைத்திருக்க வேண்டும் என்கின்றன. மொய் எழுத ஆள் அமர்த்துகிற நாம் இதை எழுதுவதே இல்லை. இரண்டு நல்ல கட்டு நோட்டுகளை வாங்கி, கோடு போட்டு, மணப்பெண்ணிடம் ஒன்றும் மாப்பிள்ளையிடம் ஒன்றுமாகக் கொடுங்கள்.

நகைதான் கொடுப்பேன் என்பவர்கள், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண், அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும் ஹால்மார்க் அடையாள எண், பொறித்த நகையாகப் பார்த்து, ரசீதை மணப்பெண் பெயரிலேயே போடச் சொல்லி வாங்குங்கள். பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரை வெட்டித் தருகிற ஊரில் இது பெரிய காரியமல்ல.

அந்தத் தம்பதியரிடம் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் பத்து நாட்கள் இருந்தன. உடன் வந்திருந்த நண்பர், தாம் இன்னும் பரிசே கொடுக்கவில்லை என்று சொல்லி, மேசையிலிருந்த தாளில் வேண்டிய ஆவணங்களை எழுதிக்கொள்ளத் தொடங்கினார்.